ஸ்டெப்னிக்கு அடியில் இரண்டு கொடிகள்

அத்தியாயம் 9

சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். ட்ரெவெல்லன் கடற்கரையின் விடுமுறை வாடகை வீடுகளில் அதுதான் சட்டம். பத்து மணிக்குப் பெருக்கித் துடைக்கிற பெண்கள் வாளியோடு வந்து இறங்கிவிடுவார்கள். நாலு மணிக்குப் புதுக் குடும்பங்கள். நடுவில் யாராவது, மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தால் முகத்துக்கு நேரே கதவு சாத்தப்படும்.

மணி எட்டேகால். க்ளைவ் ஹாலம் தன் காரின் டிக்கியை மறைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன, டிக்கியை யாராவது தூக்கிட்டுப் போயிடப் போறாங்களா?" என்றாள் ஜானிஸ், நாலு தலையணைகளை மார்போடு அணைத்தபடி. "நகரு. இதை உள்ள வெக்கணும்."

"குடு, நான் வெக்கிறேன். நீ வெச்சா அடுக்கு கலைஞ்சிடும்."

"இருபத்தாறு வருஷமா இதே பாட்டு."

"உன் நீலப் பெட்டி எங்க? பெரிசு எல்லாம் அடியில போகணும்."

"அது முந்தாநாளே கட்டியாச்சு. கதவுக்குப் பின்னால இருக்கு, பாரு" என்றவள், தலையணைகளை அவர் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனாள்.

எப்போதும் கடைசி நிமிடத்தில் ஒரு கையில் சீப்பும் ஒரு கையில் பூட்டுமாக ஓடுகிறவள் அவள். இந்த முறை முதல் ஆளாகக் கட்டி முடித்திருக்கிறாள். வேறொரு நாளாயிருந்தால் க்ளைவ் இதைச் சொல்லியே மதியம் வரை கிண்டல் செய்திருப்பார். இன்றைக்கு அவருடைய புத்தி முழுவதும் டிக்கியின் தரைப்பலகைக்குக் கீழே இருந்தது.

அங்கே, ஸ்டெப்னி டயரின் குழிக்குள், சுருட்டி அமுக்கிய இரண்டு கொடிகள் கிடந்தன. மேல் பாதி சிவப்பு, கீழ்ப் பாதி மஞ்சள்.

அவை ஜானிஸ் தைத்த கொடிகள். போன வருஷம் இதே கடற்கரையில் ஐஸ்க்ரீம் வாங்கப் போனவள், திரும்பி வரும்போது தங்கள் இடம் தெரியாமல் அரை மணி நேரம் அந்நியக் குடும்பங்களுக்கு நடுவே அலைந்தாள். ஆகஸ்ட் மாதக் கூட்டம் அப்படி. காற்றை மறைக்க ஆளாளுக்குக் கம்பு நட்டுக் கட்டுகிற கோடுபோட்ட துணிகள் எல்லாம் ஒரே மாதிரி. அதனால்தான் இந்த வருஷம் தங்கள் துணியின் இரண்டு முனையிலும் பளிச்சென்று ஒரு கொடி. யோசனை க்ளைவுடையது. பழைய திரைச்சீலையும் மழைக்கோட்டும் ஜானிஸுடையவை.

சிவப்பும் மஞ்சளும் யாருடைய நிறம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. லைஃப்கார்டுகள் நடுகிற கொடிகளும் அதே சிவப்பு மஞ்சள்தான். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் குளிக்கலாம். கடல்மட்டமும் மணல்திட்டும் மாற மாற, அவர்கள் அந்தக் கொடிகளை நாளைக்கு நாலு தடவை பிடுங்கி நடுவார்கள். திங்கட்கிழமை லைஃப்கார்டு பெண் கெரென்சா வந்து, "சார், அழகா இருக்கு, ஆனா எடுத்துடுங்க. ஜனங்க குழம்பிடுவாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். க்ளைவும் சிரித்துக்கொண்டே எடுத்தார்.

புதன்கிழமை ஜானிஸ் மறுபடி வழி தவறினாள். வியாழக்கிழமை காலை ஆறரைக்கு அவர் எழுந்தபோது, அவள் உடுத்திக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். செருப்பெல்லாம் பனி ஈரம். குப்பையை வெளியே வைக்கப் போனேன், தலை வலிக்கிறது, நீ போ, நான் பிறகு வருகிறேன் என்றாள். வந்தால் இடம் தெரிய வேண்டுமே என்றுதான் க்ளைவ் அந்தக் கொடிகளை மறுபடி நட்டார். ஒரே ஒரு நாள், யார் பார்க்கப் போகிறார்கள் என்று.

ஜானிஸ் அன்று வரவேயில்லை. பெரில் அம்மாள் வந்தாள்.

பக்கத்து வீட்டில் தனியாகத் தங்கியிருந்த எழுபத்து மூன்று வயதுக்காரி. லெஸ்டர் நகரில் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவள். கண்ணாடியைக் கழற்றித் துண்டில் சுற்றி வைத்துவிட்டு, கண்ணுக்குத் தெரிந்த இரண்டு சிவப்பு மஞ்சளுக்கு நடுவே நிதானமாக நடந்து கடலில் இறங்கினாள். நிஜக் கொடிகள் அப்போது இருநூறு கெஜம் தள்ளி இருந்தன. பாறை ஓரத்து நீரோட்டத்தின் இழுவை அவளை உள்ளே கொண்டுபோயிற்று.

அலறலைக் கேட்டு முதலில் ஓடியவர் க்ளைவ்தான். லைஃப்கார்டுகளிடம் சொன்னவரும் அவர்தான். கெரென்சா மிதவைப் பலகையோடு பாய்ந்து அம்மாளைக் கரை சேர்ப்பதை ஊரே நின்று பார்த்தபோது, அவர் ஒருவர் மட்டும் திரும்பிப் பார்த்தார். படபடவென்று இரண்டு கொடிகள். பார்த்த கணத்திலேயே விளங்கிவிட்டது. பிடுங்கித் துண்டில் சுருட்டினார்.

க்ளைவ் ஹாலம், ஸ்டோக் நகரத்து ஓடு தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். 'விபத்து நடந்தால் நடந்ததை நடந்தபடி எழுது' என்று அங்கே சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. கீழே அவர் பெயர்.

அன்று மாலை பப்பில் ஊர்க்காரர்கள் அவருக்கு ஒரு பைண்ட் பீர் வாங்கிக் கொடுத்தார்கள். அவர் அதைக் குடிக்கவும் செய்தார்.

* * *

"தம்பி, கிளம்பிட்டியா?"

பெரில் அம்மாள் வேலிக் கதவருகே நின்றாள். கையில் ஒரு தகர டப்பா, ஒரு கடிதவுறை.

"இந்தா. நானே சுட்ட இஞ்சி பிஸ்கட். நீ மட்டும் ஓடலேன்னா என் கதை வியாழக்கிழமையே முடிஞ்சிருக்கும்."

"இதெல்லாம் எதுக்கும்மா..."

"வாங்கிக்க. ஒரு உசுருக்குப் பன்னெண்டு பிஸ்கட். கம்மிதான், என்ன பண்றது, மாவு தீர்ந்துடுச்சு."

டப்பா இன்னும் சூடாக இருந்தது. க்ளைவுக்கு அதை எந்தக் கையில் பிடிப்பது என்று தெரியவில்லை.

"நான் எழுதிக் குடுத்த புகாரைத் திருப்பி வாங்கிட்டேன், கேட்டியா?" என்றாள் அம்மாள். "கொடிக்கு நடுவுலதான் இறங்கினேன்னு அடிச்சுச் சொன்னேன் பாரு, அந்த லைஃப்கார்டு பொண்ணு அழுதுட்டா. பாவம். கொடி அந்தக் கோடியில இருந்ததை நூறு பேரு பார்த்திருக்காங்க. நான் ஒருத்திதான் இந்தக் கோடியில பார்த்திருக்கேன். அப்ப யாரு தலை கழண்டிருக்கு, சொல்லு?"

"அப்படிச் சொல்லாதீங்க. கண்ணாடி இல்லாம..."

"கண்ணாடி இல்லாட்டி எழுத்து தெரியாதுப்பா. நிறம் தெரியும். இல்லாத நிறம் எப்படித் தெரியும்?" அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "ஸ்டூவர்ட், என் பையன், ஒம்பதரைக்கு வர்றான். ஒரு முதியோர் ஹோம் பார்த்து வெச்சிருக்கான். திங்கக்கிழமை கையெழுத்து. ஒரு வருஷமா முடியாதுடான்னு சண்டை போட்டேன். இனி எந்த வாயால முடியாதுங்கிறது?"

க்ளைவ் கடிதவுறையைப் பார்த்தார். 'என்னைக் காப்பாற்றியவருக்கு' என்று அதன்மேல் எழுதியிருந்தது. எழுத்தில் கொஞ்சம்கூட நடுக்கம் இல்லை.

ஜானிஸ் நீலப் பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அம்மாளைக் கண்டதும் நின்றாள்.

"உன் பொண்டாட்டிகிட்டயும் அசடு வழிஞ்சேன்" என்றாள் அம்மாள். "அதே வியாழக்கிழமை காலையில ஆறு மணிக்கு மேல் ரோட்டுல நடந்துட்டு இருந்தேன். பஸ் ஸ்டாப்புல இவ நிக்கிறா, பக்கத்துல நீலமா ஒரு பெட்டி. ஆறு பத்து பஸ் வந்துச்சு, நின்னுச்சு, போச்சு. இவ ஏறல. முப்பது வருஷம் பஸ் ஓட்டினவளாச்சே, ஸ்டாப்புல விட்டுட்டு வந்த முகம் மறக்காதுன்னு நினைச்சேன். நேத்து கேட்டா, இவ சிரிக்கிறா."

"ஆறு மணிக்கு இடி விழுந்தாலும் எனக்குத் தெரியாதும்மா" என்றாள் ஜானிஸ். இப்போதும் சிரித்தாள். "கனவு கண்டிருப்பீங்க."

"ஆமா. அதுவும் கனவுதான் போல." அம்மாள் க்ளைவின் புறங்கையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள். நடக்கும்போது வேலிக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள், தன் கண்ணை நம்பாதவளைப் போல.

ஜானிஸின் சிரிப்பு தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே நீடித்தது. க்ளைவ் அதைக் கவனிக்கவில்லை. தன் முகத்து அழுக்கே பாரமாகிப்போனவனுக்கு எதிரில் நிற்பவர் முகம் எங்கே தெரியும்? அவர் நீலப் பெட்டியைத் தூக்கி டிக்கியின் அடியில் வைத்தார். தரைப்பலகை மறைகிற மாதிரிப் பார்த்து வைத்தார். பிறகு பிஸ்கட் டப்பாவைக் கண்ணில் படாத ஓரிடத்தில் வைக்கலாம் என்று வீட்டுக்குள் போனார்.

இரண்டே நிமிடம்.

திரும்பி வந்தபோது டிக்கியருகில் அவருடைய மகள் கிர்ஸ்டி நின்றாள். இருபது வயது. கடைசியாக ஒரு முறை அலைச்சறுக்கிவிட்டு வருகிறேன் என்று விடியலில் போனவள். ரப்பர் உடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. நீலப் பெட்டி ஓரமாக நகர்த்தப்பட்டிருந்தது. ஈர உடுப்பை வைக்கக் குழி தேடியிருக்கிறாள். தரைப்பலகை திறந்திருந்தது.

அவள் கையில் ஒரு கொடி.

"திங்கக்கிழமை இதை நான்தானேப்பா துவைச்சேன்" என்றாள் மெதுவாக. "மடிச்சு டிராயர்ல வெச்சேன்."

க்ளைவ் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப மணலா இருக்கு."

"கிர்ஸ்டி, மெதுவா. அம்மா காதுல விழுந்துடும்..."

"நேத்து கெரென்சா உங்களைத்தான் கேட்டா. 'வியாழக்கிழமை உங்க கொடி இருந்துச்சா சார்'னு. நான் குறுக்க விழுந்து என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

இருந்தது. 'எங்கப்பாவுக்கு ரூல்னா உசுரு. நீ சொன்ன அன்னிக்கே எடுத்துட்டார்' என்றாள். சொல்லும்போது அவர் தோளில் கை போட்டிருந்தாள்.

"நீங்க என் பக்கத்துலதான் நின்னீங்க" என்றாள் கிர்ஸ்டி.

"எனக்கு... வாய் வரலம்மா."

"எனக்கு வந்துச்சே." அவள் இரண்டு கொடிகளையும் அவர் கையில் வைத்தாள். பெட்டியை மறுபடி மேலே இழுக்கவில்லை, பலகையை மூடவுமில்லை. "கால்ல மணல். கழுவிட்டு வரேன். பத்து மணிக்குக் கிளம்பணும் இல்ல."

கத்தியிருந்தால் தேவலை. அவள் குழாயடிக்குப் போய், ஒரு காலை எடுத்து இன்னொரு காலில் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருந்தாள். அவர் பக்கம் திரும்பவில்லை.

க்ளைவ் டிக்கியின் விளிம்பில் உட்கார்ந்தார். கெரென்சாவுக்கு இனி ஆபத்தில்லை. புகாரே இல்லையே. யாருக்கும் வேலை போகவில்லை, உயிர் போகவில்லை. அந்த அம்மாளுக்கும் வயதாகிவிட்டது. ஹோம் என்றால் என்ன, சிறையா? மூன்று வேளையும் சூடாகச் சாப்பாடு போடுவார்கள்.

மூன்று வேளைச் சாப்பாடு என்று தன் மனசு சொன்னதைக் கேட்டதும் அவர் எழுந்து, கொடிகளை ஒரு துண்டில் சுருட்டினார்.

* * *

ஒன்பதரைக்குச் சொன்னபடி ஸ்டூவர்ட் வந்துவிட்டான். பெரிய உடம்பு, தூக்கமில்லாத கண்கள். விடியற்காலை நாலு மணிக்கு லெஸ்டரிலிருந்து கிளம்பியவன். அம்மாவின் பையை ஒரு குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக் காரில் வைத்தான். வில்லனாக இருப்பான் என்று எதிர்பார்த்துப் போன க்ளைவுக்கு அதுவும் ஏமாற்றம்.

"நீங்கதானே சார் அது?" அவன் க்ளைவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினான். "எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

க்ளைவின் இடது அக்குளில் சுருட்டிய துண்டு இருந்தது.

"அம்மாகிட்ட ஒரு நிமிஷம் பேசணும். வியாழக்கிழமை... காத்து அன்னிக்கு ரொம்ப ஜாஸ்தி. மணல் வேற பறந்துச்சு. அந்த மாதிரி நேரத்துல யாருக்குமே, ஒரு வேளை..."

"சுத்தி வளைக்காதே தம்பி" என்றாள் பெரில் அம்மாள், காரின் முன் ஸீட்டிலிருந்து. "ஸ்டாப் வந்தா வண்டியை நிறுத்திடணும்."

க்ளைவ் துண்டைப் பிரித்தார்.

"இது என்னுது. வியாழக்கிழமை என் இடத்துல நட்டிருந்தேன். எடுக்கச் சொல்லியும் மறுபடி நட்டேன். நீங்க இதுக்கு நடுவுலதான் இறங்கினீங்க."

எங்கேயோ ஒரு டிக்கி அறைந்து சாத்தப்பட்டது.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றான் ஸ்டூவர்ட்.

"அம்மா கரைக்கு வர்றதுக்கு முன்னாடியே."

ஸ்டூவர்ட் குலுக்கிய கையைத் தன் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. "ரெண்டு நாளா எங்கம்மா எனக்கு மணிக்கு ஒரு தடவை ஃபோன் பண்றாங்க. இன்னிக்கு என்ன கிழமை, நம்ம தெரு நம்பர் என்னன்னு அவங்களே சொல்லி, சரிதானாடா, சரிதானாடான்னு கேக்கறாங்க. தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. க்ளைவ் தரையைப் பார்த்தார்.

பெரில் அம்மாள் காரிலிருந்து இறங்கினாள். கொடியைத் தொட்டுப் பார்த்தாள். தையலை விரலால் தடவினாள். திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மகனிடம் கொடுத்தாள்.

"தம்பி, அந்தக் கல்சுவர் வரைக்கும் போ. போய் ரெண்டையும் விரிச்சுப் பிடி."

"அம்மா, வேணாம். அவர்தான் ஒத்துக்கிட்டாரே."

"அவரு சொன்னா ஆச்சா? எனக்குத் தெரியணும்டா."

க்ளைவ் நடந்தார். சந்தின் முனையில், கல்சுவரோரமாக, இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினார். கைக்கொரு கொடி, நடுவில் அவர்.

ஊர் முழுக்கக் காலி செய்கிற வேளை. கூரையில் அலைச்சறுக்குப் பலகைகளைக் கட்டிய கார் ஒன்று அவரைக் கடக்க முடியாமல் நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. ஐஸ்பெட்டியும் வாளியுமாக ஒரு குடும்பம் நின்று வேடிக்கை பார்த்தது. "அந்த மாமா என்ன பண்றார்?" என்று ஒரு பிஞ்சுக் குரல் கேட்டது. உஸ்ஸென்று யாரோ அடக்கினார்கள். வாளியோடு வந்த துப்புரவுப் பெண்ணொருத்தி, வியாழக்கிழமை பப்பில் அவர் முதுகில் தட்டியவள், கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

சைக்கிளில் வந்த கெரென்சா ஒரு காலை ஊன்றி நின்றாள். வேலைக்குப் போகிற சிவப்பு மஞ்சள் சட்டை. கொடிகளைப் பார்த்தாள், தூரத்தில் கண்ணைத் தேய்த்துக்கொள்கிற பெரில் அம்மாளைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

க்ளைவுக்குக் கை தாழ்ந்தது.

"இன்னும் கொஞ்சம் உயரமாப் பிடிங்க சார்" என்றாள் கெரென்சா. குரலில் கோபம்கூட இல்லை. "அம்மாவுக்குத் தெரியட்டும்."

அவர் உயரமாகப் பிடித்தார். காற்றில் கொடிகள் வியாழக்கிழமை அடித்த அதே படபடப்பை அடித்தன.

"அதேதான்" என்றாள் பெரில் அம்மாள்.

மறுபடி சொன்னாள், இப்போது சந்து முழுவதும் கேட்கிற மாதிரி. "அதேதான்டா ஸ்டூவர்ட். இதே ரெண்டு. இதுக்கு நடுவுலதான் போனேன்."

ஸ்டூவர்ட் கண்ணாடியை அம்மாவின் காதில் தானே மாட்டிவிட்டான். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது.

"திங்கக்கிழமை கையெழுத்துக் கிடையாது, சொல்லிட்டேன். வண்டியை என் வீட்டுக்கே விடு" என்றாள் அம்மாள். முதுகு நிமிர்ந்திருந்தது. முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவளின் முதுகு. "என் தலை நல்லாத்தான் இருக்கு. நான் பார்த்தது எல்லாம் சரியாத்தான்..."

அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

அவள் பார்வை க்ளைவைத் தாண்டி, அவருக்குப் பின்னால், அவருடைய வீட்டு வாசலில் போய் நின்றது. சிரிப்பு மெல்ல வடிந்தது. பிறகு க்ளைவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இப்போது குற்றச்சாட்டு இல்லை. அதைவிட மோசமான ஒன்று இருந்தது. பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டவளின் கூச்சம். சட்டென்று தலையைக் குனிந்து காரில் ஏறிக்கொண்டாள்.

ஆறு பத்து பஸ் வந்துச்சு, நின்னுச்சு, போச்சு.

பனி ஈரமான செருப்பு. 'அது முந்தாநாளே கட்டியாச்சு.'

க்ளைவ் திரும்பினார்.

காரின் டிக்கி திறந்தபடி இருந்தது. குழாயடியில் கிர்ஸ்டி அசையாமல் நின்று தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தன் கையால் அடியில் வைத்த நீலப் பெட்டி, இப்போது சாலையில், ஜானிஸின் காலடியில் நின்றது. அவள் கோட்டு அணிந்திருந்தாள். பெட்டியின் பிடியில் அவள் கை இருந்தது.

மேல் ரோட்டின் வளைவில் பஸ் ஹாரன் அடிப்பது கேட்டது.

நீட்டிய கைகளை இறக்க வேண்டும் என்றுகூட க்ளைவுக்குத் தோன்றவில்லை. இரண்டு பக்கமும் கொடி பறக்க, அவர் அப்படியே நின்றார்.